தீயும் மருந்தும்: ஓர் அளவின் வரலாறு

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் தாயில்பட்டி. சிவகாசியையும் சாத்தூரையும் போலவே இதன் சுற்றுப்புறமும் பட்டாசுத் தொழிலால் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுப்பதும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் முதலியவற்றைக் கலந்து பட்டாசுக் குழாயில் செலுத்துவதும் மருந்தே. இவ்விரண்டாவது மருந்தும் வெப்பமும் அளவு தப்பிச் சந்தித்தால் என்ன நேரும் என்பதை இங்குள்ளோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எத்தனையோ குடும்பங்கள் தாங்கவொண்ணாத விலை கொடுத்து அப்பாடத்தைக் கற்றிருக்கின்றன.

ஆயின், வெப்பமும் நோய் நீக்கும் மருந்தும் அளவோடு சந்தித்தால் என்ன விளையும்? புற்றுநோய் உயிரணுக்களை, குறிப்பாக லுக்கேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயின் உயிரணுக்களை, இவ்விரண்டும் ஒருங்கே தாக்கினால் அவை அழியுமா? மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா இது. இதன் வரலாற்றில் அரபு நாட்டு மேதைகளுக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒருவருக்கும் பங்குண்டு. தென்பாண்டிச் சீமையின் மானாவாரிக் காட்டில் விளையும் ஒரு செடிக்கும் பங்குண்டு.

வெறும் வியப்புக்காக இவ்வரலாற்றை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பிணியுற்ற பிள்ளைக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடும் வழக்கம் நம் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மறுபுறம், 'வெப்பம் புற்றுநோயைக் கொல்லும்' என்னும் அரைகுறைச் செய்தியை நம்பி, உரிய சிகிச்சையை இடையில் கைவிடுவோரும் இருக்கின்றனர். இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: அளவை அறியாமை.

சூட்டுக்கோல்

நெருப்பைக் கொண்டு நோயை விரட்டும் முயற்சி மிகத் தொன்மையானது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் முதுமொழிகளுள் ஒன்று, மருந்துக்கும் கத்திக்கும் அடங்காத பிணிக்கு நெருப்பையே இறுதிக் கருவியாகச் சுட்டுகிறது. அரபு மக்களிடையேயும் சூட்டுக்கோல் பரவலாக வழங்கிவந்தது. தேன், இரத்தம் குத்தி எடுத்தல், சூட்டுக்கோல் ஆகிய மூன்றிலும் நோய்நீக்கம் உண்டு எனக் கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சூட்டுக்கோலைத் தம் சமுதாயத்தார்க்கு விலக்கினார்கள் என்னும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. எனினும், அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்களே சூடிட்டதாக ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. இவ்விரு செய்திகளையும் ஒப்புநோக்கிய மார்க்க அறிஞர் பலர், தேவையின்றிச் சூடிடுதல் வெறுக்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் அறிந்தவர் கையால் செய்வது ஆகும் என விளக்கம் தந்தனர். நெருப்பு மருந்தாகலாம், ஆனால் அது முதல் மருந்தன்று, எவர் கையிலும் கொடுக்கத்தக்கதுமன்று.

இவ்வுணர்வோடு சூட்டுக்கோலை ஒரு கலையாக வகுத்தவர் அந்தலூசியாவின் குர்துபா நகரருகே வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அன்னார் இயற்றிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவத்தைப் பற்றியது. எவ்வுறுப்புக்கு எவ்வடிவக் கோல், எவ்வளவு ஆழம், எங்கே நிறுத்த வேண்டும் என்றெல்லாம் படங்களுடன் அதில் விளக்கினார். புற்றைக் குறித்து எழுதும்போது அம்மேதை காட்டிய நேர்மை நம்மை வியக்கச் செய்கிறது. நோய் சிறிதாகவும் தொடக்க நிலையிலும் இருந்தால் அகற்ற முயலலாம் என்றார். முற்றிப் பெருத்த புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். நோயாளியை ஏமாற்றாத மருத்துவம் அது.

அல்கிந்தியின் கணக்கு

ஸஹ்ராவிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பக்தாதில் வாழ்ந்தவர் அரபுத் தத்துவ ஞானிகளின் முதல்வரெனப் போற்றப்படும் அல்கிந்தி. கி.பி. 873ஆம் ஆண்டளவில் காலமான அவர், கூட்டு மருந்துகளின் வலிமையைக் கணிதத்தால் அளக்க முற்பட்டார். அக்கால மருத்துவம் ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் வெப்பம், தட்பம், ஈரம், வறட்சி என்னும் குணங்களைக் கூறி, அவற்றை நான்கு படிகளாகப் பகுத்தது. பல சரக்குகளைச் சேர்த்து ஒரு மருந்து செய்தால் அதன் படி என்ன என்பதே கேள்வி. அல்கிந்தி கூறிய விடை: படி ஒன்று ஏறும்போது வலிமை இரு மடங்காகிறது. முதற்படியில் இரண்டு, இரண்டாம் படியில் நான்கு, மூன்றாம் படியில் எட்டு, நான்காம் படியில் பதினாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவ மாணவர்களைச் சென்றடைந்தது. இப்னு ருஷ்து இக்கணக்கைக் கடுமையாக மறுத்தார் என்பதும் வரலாறே. அறிஞர்களின் அவ்விவாதம், மருந்தின் அளவு என்பது விவாதித்து அறிய வேண்டிய பொருள் என்னும் எண்ணத்தை நிலைநாட்டியது.

அல்கிந்தி கூறிய 'வெப்பம்' நாம் இன்று வெப்பமானியில் காணும் வெப்பமன்று; பொருளின் குணமாகக் கொள்ளப்பட்ட ஒன்று. இவ்வேறுபாட்டை மறந்து, இன்றைய கண்டுபிடிப்புகள் யாவும் அன்றே நம் முன்னோர்க்குத் தெரியும் எனப் பெருமை பேசுவது அம்மேதைகளுக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர்கள் விட்டுச் சென்ற உண்மையான செல்வம் வேறு: அளந்து பார், சோதித்து ஏற்றுக்கொள் என்னும் ஒழுக்கம். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில் புதிய மருந்தைச் சோதிக்கும் விதிகளை வரிசைப்படுத்தினார். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஒத்திருக்க வேண்டும், குறைந்த வலிமையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்றைய புற்றுநோய் மருந்து ஆராய்ச்சியின் முதற்கட்டமும் இவ்வாறே சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது.

காய்ச்சல் காட்டிய வழி

புதுக் காலத்தில் வெப்பத்தின் கதை காய்ச்சலிலிருந்து தொடங்குகிறது. 1866இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் புஷ் ஒரு வியப்பான செய்தியைப் பதிவு செய்தார். முகத்தில் புற்றுக்கட்டி கொண்ட ஒரு நோயாளிக்கு அக்கிபோல் சிவந்து பரவும் தோல் தொற்று உண்டாகிக் கடுங்காய்ச்சல் கண்டபின், அக்கட்டி சுருங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1868இல், உந்தர்லிஷ் என்னும் மற்றொரு ஜெர்மானியர் நோயாளிகளின் உடல்வெப்பத்தை வெப்பமானியால் இடைவிடாது அளந்து பெரும் நூலொன்றை வெளியிட்டார். காய்ச்சலைக் கையால் தொட்டு மதித்த காலம் போய், எண்ணால் மதிக்கும் காலம் வந்தது.

1891இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி ஒரு படி மேலே சென்றார். புற்றுநோயாளியின் உடலில் நோய்க்கிருமியைச் செலுத்தி வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்தார். உயிருள்ள கிருமி ஆபத்தானது எனக் கண்டு, பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையைப் பயன்படுத்தினார். சிலர் குணமடைந்தனர், பலருக்குப் பயனில்லை. எவருக்கு, எவ்வளவு, எப்போது என்ற அளவு கைக்கு எட்டாமையால் அம்முறை மங்கிப்போயிற்று. குணமடைந்த சிலரும் வெப்பத்தால் மட்டும் குணமடைந்தவர்கள் அல்லர், தொற்றினால் தூண்டப்பெற்ற உடலின் எதிர்ப்பாற்றலே பெரிதும் உதவியது என்பது இன்றைய கருத்து.

நஞ்சே மருந்தான கதை

இனி மருந்தின் பக்கம் திரும்புவோம். இரத்தப் புற்றுநோய்க்கு 'வெள்ளை இரத்தம்' எனப் பொருள்படும் லுக்கேமியா என்ற பெயரை 1847இல் சூட்டியவர் ருடால்ஃப் விர்ஷோ. எலும்பு மச்சையில் வளர்ச்சி முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகி, செவ்வணுக்களுக்கும் இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்களுக்கும் இடமில்லாமல் செய்துவிடுவதே இந்நோய். அறுவைக் கத்திக்கு இங்கு வேலையில்லை. வெட்டி எடுக்கக் கட்டி இல்லை. குருதி ஓடும் இடமெல்லாம் நோயும் ஓடுகிறது. எனவே நூறாண்டுக் காலம் குழந்தைகளின் லுக்கேமியா சில மாதங்களில் உயிரைக் கொள்ளும் நோயாகவே இருந்தது.

அவ்விருளில் முதல் விளக்கை ஏற்றியதில் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை உடுத்தி வகுப்புக்குச் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாகக் கீழ்த்தரப் பட்டமே பெற்றார். 1922இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்தார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையில் ஃபோலிக் அமிலமும், அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் என்னும் மருந்தும் உருவாயின. உயிரணு பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் போன்ற போலிப் பொருளைக் கொடுத்தால் ஏமாந்த உயிரணு பெருக இயலாமல் மடியும். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் இம்மருந்தை லுக்கேமியா கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இம்முடிவு 1948 ஜூனில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். அவருடைய குழுவின் வழிவந்த மெதோட்ரெக்சேட் இன்றளவும் குழந்தைகளின் லுக்கேமியாவுக்கு இன்றியமையாத மருந்து.

அடுத்த மருந்து நம் காட்டுச் செடியின் வாயிலாக வந்தது. நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் நாம் வழங்கும் செடியை அறியாதார் இலர். மடகாஸ்கரைப் பிறப்பிடமாகக் கொண்ட இச்செடி இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பயிரிடப்பட்டு, இலையும் வேரும் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்துள்ளன. நீரிழிவுக்கு மருந்தெனக் கருதி ஜமைக்காவிலிருந்து 1952இல் கனடாவுக்கு அனுப்பப்பட்ட அதன் இலைகளை ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். நீரிழிவுக்குப் பயன் காணவில்லை. ஆனால் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டனர். அதன் விளைவாக 1958இல் வின்பிளாஸ்டின் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதே செடியிலிருந்து எலை லில்லி நிறுவனத்தார் பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் வழக்குக்கு வந்தது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் உண்டாகும் நூலிழைகளைக் குலைப்பது இதன் வேலை. டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கிலேயே இம்மருந்து கிடைக்கிறது.

ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் நோய் தணிந்து மீண்டும் எழுந்தது. தப்பிப் பிழைத்த உயிரணுக்கள் அம்மருந்துக்குப் பழகிவிட்டன. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் வின்கிறிஸ்டின், மெதோட்ரெக்சேட், மெர்காப்டோப்யூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் ஒருங்கே கொடுத்தனர். நால்வகை ஆயுதங்கள் நான்கு வாயில்களில் தாக்கினால் பகைவன் எவ்வழியே தப்புவான்? அந்தப் பத்தாண்டின் முடிவில் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் வகுத்த முறையால், கடுமையான நிணநீரணு லுக்கேமியா கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நெடுநாள் வாழ வழி பிறந்தது.

அடையாற்றில் நிகழ்ந்தது

இச்செய்தி தமிழ்நாட்டுக் குழந்தைகளை எட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. அன்னாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். அவ்விருவரும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சையும் பிளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 1980இல் வெளியானது. தனித்து நின்று வெல்லாதவை சேர்ந்து வெல்லும் என்னும் கொள்கையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1970களில் நம் நாட்டின் சிறந்த மருத்துவமனைகளிலும் லுக்கேமியா கண்ட குழந்தைகள், இளைஞர்களுள் நோய் மீளாமல் வாழ்ந்தோர் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. 1984இல் அடையாறு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அயன் மக்ராத்துடன் இணைந்து, 'எம்.சி.பி. 841' என்னும் ஒரே சிகிச்சை முறையை மேற்கொண்டன. நம் நாட்டு மருத்துவமனைகளின் வசதிக்கும் நோயாளியின் தாங்குதிறனுக்கும் ஏற்ப அளவு வகுக்கப்பட்ட முறை அது. நான்கு ஆண்டுகள் நோய் மீளாது வாழ்ந்தோர் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தனர். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாமலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது. இருந்த மருந்துகளை ஒழுங்காகச் சேர்த்து, அளவும் காலமும் தவறாது கொடுத்து, தொற்றிலிருந்து நோயாளியைக் காத்ததே வெற்றியின் இரகசியம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அளவின் அருமையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி உண்டு. லுக்கேமியாவின் ஒரு தனி வகைக்கு, பாஷாணம் என நம் நாட்டார் அஞ்சும் ஆர்சனிக் மருந்தொன்றையே அங்குள்ள மருத்துவர்கள் 1998 முதல் 72 பேருக்கு அளந்து கொடுத்தனர். நூற்றுக்கு 86 பேரிடம் நோய் முற்றும் தணிந்தது எனும் முடிவு 2006இல் வெளியாயிற்று. அளவு தப்பினால் உயிர் குடிக்கும் பொருள், அளவில் நின்றபோது உயிர் காத்தது.

வெப்பமும் மருந்தும் கைகோத்தபோது

மருந்தோடு மருந்து சேர்ந்து வென்றதைக் கண்டவர்கள், மருந்தோடு வெப்பத்தைச் சேர்த்தால் என்ன என்று எண்ணியதில் வியப்பில்லை. 1970களில் ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிப் பார்த்தனர். இது சூட்டுக்கோலின் நெருப்பன்று. கடுங்காய்ச்சலை ஒட்டிய வெப்பம். இவ்வெப்பத்தில் உயிரணுவின் சவ்வு இளகி மருந்து எளிதில் நுழைகிறது. உள்ளிருக்கும் புரதங்கள் உருக்குலைகின்றன. மருந்தினால் மரபுப் பொருளில் ஏற்படும் உடைப்பைச் செப்பனிடும் வேலையும் தடைப்படுகிறது. சிஸ்பிளாட்டின், மெல்ஃபலான் போன்ற மருந்துகளின் வலிமை இதனால் பன்மடங்காகிறது.

1984இல் சப்பரேட்டோ, டூவி என்னும் இரு ஆய்வாளர்கள் வெப்பத்தின் அளவுக்கு ஒரு கணக்கு வகுத்தனர். 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் விளைவு இரு மடங்காகிறது. அதாவது தேவைப்படும் நேரம் பாதியாகிறது. 43 டிகிரியில் 60 நிமிடம் செய்யும் வேலையை 44 டிகிரி 30 நிமிடத்திலும், 45 டிகிரி 15 நிமிடத்திலும் முடிக்கும். ஆனால் 42 டிகிரிக்கு இறங்கிவிட்டாலோ அதே வேலைக்கு 240 நிமிடம் வேண்டும். படிக்குப் படி இரட்டிக்கும் அல்கிந்தியின் கணக்கு நம் நினைவுக்கு வருகிறதன்றோ? ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததன்று. ஆயினும் பதினொரு நூற்றாண்டு இடைவெளியில் இரு தலைமுறை அறிஞர்கள் ஒரே வினாவுக்கு எண்ணால் விடை தேடியிருக்கின்றனர்.

இம்முறை சில புற்றுநோய்களில் உண்மையாகவே பயன் தந்தது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சுடன் வெப்பத்தையும் சேர்த்த நெதர்லாந்து மருத்துவர்கள், மூன்றாண்டு உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 27இலிருந்து 51 ஆக உயர்ந்ததை 2000இல் வெளியிட்டனர். மும்பை நானாவதி மருத்துவமனையில் டாக்டர் நாகராஜ் ஹுயில்கோல் குழுவினர் தலை, கழுத்துப் புற்றில் இவ்வாறே கதிர்வீச்சையும் வெப்பத்தையும் சேர்த்து ஆய்ந்து 2010இல் முடிவுகளை அளித்தனர். மருந்தோடு வெப்பம் சேர்ந்த சான்றும் உண்டு. சூலகப் புற்று கண்ட 245 பெண்களிடம் நிகழ்ந்த நெதர்லாந்து ஆய்வில், ஒரு பாதியினர்க்கு அறுவையின் முடிவில் 40 டிகிரி வெப்பமூட்டிய சிஸ்பிளாட்டின் கரைசல் வயிற்றறையில் 90 நிமிடம் சுழற்றப்பட்டது. அவர்களின் சராசரி வாழ்நாள் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாக நீண்டதாக 2018இல் அறிவிக்கப்பட்டது.

லுக்கேமியாவில் வெப்பத்தின் இடம்

இவ்வளவு கூறியபின் வாசகர் கேட்கக்கூடியது: அப்படியானால் லுக்கேமியாவுக்கும் வெப்பம் கொடுக்கலாமே! ஆய்வுக்கூடக் கலத்தில் லுக்கேமியா உயிரணுக்கள் வெப்பத்துக்கு எளிதில் மடிகின்றன என்பது மெய்யே. இயல்பான மச்சை அணுக்களைவிட அவை வெப்பத்துக்கு மென்மையானவை என்று 1980களில் கண்டனர். எனவே நோயாளியின் மச்சையை வெளியே எடுத்து, வெப்பத்தால் தூய்மை செய்து, மீண்டும் செலுத்தலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஆயினும் நோயாளியின் உடலுக்குள் இவ்வெற்றி தொடரவில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, கட்டியைச் சூடேற்றலாம்; குருதி முழுவதையும் சூடேற்ற வேண்டுமானால் உடல் முழுவதையும் சூடேற்ற வேண்டும். 42 டிகிரியைத் தாண்டினால் மூளையும் கல்லீரலும் தாங்கா. ஆகவே 41.8 டிகிரி அளவிலேயே நிறுத்த வேண்டியதாகிறது. உயிரணுவை எளிதில் கொல்லும் வெப்பத்துக்கும் மனிதன் தாங்கும் வெப்பத்துக்கும் இடையே ஒரு டிகிரிதான் வேறுபாடு. அந்த ஒரு டிகிரியில்தான் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, எல்லா மருந்தும் வெப்பத்தோடு நட்புக் கொள்வதில்லை. லுக்கேமியாவின் தலையாய மருந்துகளான மெதோட்ரெக்சேட்டும் வின்கிறிஸ்டினும் வெப்பத்தால் பெரும்பாலும் கூடுதல் வலிமை பெறுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டின.

மூன்றாவது, உயிரணுவுக்கு இறைவன் வைத்துள்ள தற்காப்பு. 1962இல் இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா, பழ ஈக்களின் உயிரணுக்கள் சூடேறியபோது தனியொரு மரபுச் செயல் விழித்தெழுவதைக் கண்டார். வெப்பத்தால் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் காவற்புரதங்கள் அவ்வாறு உண்டாகின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஒருமுறை சூடேறித் தப்பிய உயிரணு, அடுத்த சில நாள்களுக்கு வெப்பத்தை எளிதில் தாங்கிக்கொள்ளும் என்பது 1975இல் தெளிவாயிற்று. அரைகுறை வெப்பம் பகைவனைக் கொல்லாமல் அவனுக்குக் கவசம் அணிவித்துவிடுகிறது.

இக்காரணங்களால் வெப்பம் லுக்கேமியாவுக்குரிய வழக்கமான சிகிச்சையாக எங்கும் ஏற்கப்படவில்லை. மருந்துகளின் கூட்டே இன்று குழந்தைகளைக் காக்கிறது. வசதி மிக்க நாடுகளில் நிணநீரணு லுக்கேமியா கண்ட குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் பிழைக்கின்றனர். எழுபது ஆண்டுகளுக்கு முன் மரண ஓலையாக இருந்த பெயர் இன்று அவ்வாறில்லை.

நம் இல்லங்களுக்கு

பல நாள் விடாத காய்ச்சல், முகம் வெளிறுதல், அடிபடாமலேயே தோலில் சிவந்த அல்லது நீலம்பாரித்த புள்ளிகள், ஈறில் இரத்தம், கால் எலும்பில் வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுதல், வயிறு பொருமுதல் ஆகியன பிள்ளையிடம் காணப்பட்டால், முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. வயிற்றில் கட்டியென்று சூடு போடுவது நோயைத் தீர்க்காது. காக்கும் வெள்ளணுக்கள் ஏற்கெனவே குறைந்துவிட்ட உடலில், அப்புண் கிருமி நுழையும் வாயிலாகிவிடும். தேவையற்ற சூட்டுக்கோலை விலக்கிய நாயகத்தின் (ஸல்) உம்மத்தினர் பெற்ற பிள்ளைக்கு அதைச் செய்வது எவ்வாறு தகும்?

சிகிச்சை பெறும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அது நோயை எரிக்கும் நெருப்பென்று எண்ணிக் காத்திருத்தல் கூடாது. கீமோதெரபியின்போது 38 டிகிரி, அதாவது நாம் சொல்லும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், தொட்டாலே அது அபாய அறிவிப்பு. இரவாயினும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவ்வாறே, நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வருகிறதென்று அதன் இலையை வீட்டில் கொதிக்க வைத்துக் கொடுப்பதும் தீங்கு. இலையில் நஞ்சும் உண்டு, மருந்தும் உண்டு. பிரித்து அளந்து தருவது அடுப்பங்கரையில் ஆகும் வேலையன்று.

இச்சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும். பிள்ளை தேறிவிட்டதாகத் தோன்றும்போது வேலையும் கூலியும் கருதிப் பெற்றோர் இடையில் நிறுத்திவிடுவதே நம் நாட்டில் பெரும் இடர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் துணைநிற்கிறது. ஆனால் தாயில்பட்டியிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் மாதந்தோறும் சென்றுவரும் வழிச்செலவு, தங்கும் இடம், இழக்கும் நாட்கூலி ஆகியவற்றை எத்திட்டமும் முழுதாக ஈடுசெய்வதில்லை. இங்குதான் நம் ஜமாஅத்துகளின் கடமை தொடங்குகிறது. ஸதக்கா நிதியில் ஒரு பகுதியை, சமயம் எதுவாயினும், இத்தகைய குடும்பங்களின் வழிச்செலவுக்கு ஒதுக்கலாம். நகரங்களில் உள்ள நம்மவர் தங்க இடம் தரலாம். லுக்கேமியாப் பிள்ளைக்கு இரத்தமும் தட்டணுக்களும் அடிக்கடி தேவைப்படும்; நம் இளைஞர்கள் முறைவைத்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை இறக்கியுள்ளான் என்னும் நாயக வாக்கை நாம் ஆறுதலாக மட்டுமே கொள்கிறோம். அல்கிந்தியும் இப்னு ஸீனாவும் அதனைத் தேடும் கட்டளையாகக் கொண்டனர். தேடியவர்கள் கண்டதைக் காலந் தாழ்த்தாமல், அளவு குறையாமல், இடையில் நிறுத்தாமல் பெற்றுக்கொடுப்பது நம் பொறுப்பு. நலம் அளிப்பவன் வல்ல இறைவன் ஒருவனே.